இழுப்பு நோயும் தடுப்பூசிகளும்

"பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது, இந்த ஊசியைப் போடலாமா?" தடுப்பூசி போடும் இடங்களில் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. அடங்கிக் கிடக்கும் இழுப்பை ஊசி மருந்து கிளப்பி விட்டுவிடுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். இந்த அச்சத்தைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. மருத்துவ உலகமும் பல ஆண்டுகள் இதே ஐயத்தைக் கொண்டிருந்தது. பெரியதொரு சோதனை நடத்திய பின்னரே அதைத் தீர்த்துக்கொண்டது. அந்தச் சோதனையைப் பற்றிப் பின்னர் காண்போம். அதற்கு முன், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தடுப்பூசியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய தேவை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நல்லது.

மூச்சுக் குழலில் நடப்பது

ஆஸ்துமா என்பதை ஈளை, இளைப்பு, இழுப்பு என்று நம் ஊர்களில் பலவாறு அழைக்கிறோம். இந்நோய் உள்ளவர்களின் மூச்சுக் குழல்களின் உட்சுவரில் எப்போதும் ஓர் அழற்சி கனன்றுகொண்டே இருக்கும். இழுப்பு இல்லாத நாட்களிலும் அது முற்றிலும் அணைந்து போவதில்லை. தூசு, புகை, குளிர்ந்த காற்று, பூந்துகள், ஓட்டம், சளிக் காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தூண்டிவிட்டால் மூன்று நிகழ்ச்சிகள் ஒருசேர நடக்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சவ்வு வீங்குகிறது, கெட்டியான சளி சுரந்து மிஞ்சிய வழியையும் அடைக்கிறது.

இங்கே இயற்பியல் விதி ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சீராகப் பாயும் ஒரு பாய்பொருளுக்குக் குழல் தரும் தடை, அக்குழலின் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. குழலின் விட்டம் பாதியாகக் குறைந்தால் தடை 2 மடங்கு உயர்வதில்லை. 16 மடங்கு உயர்கிறது. ஒரு சிறு வீக்கம்கூட நோயாளியை ஏன் அப்படித் திணற அடிக்கிறது என்பது இப்போது விளங்கும். சிறு குழந்தைகளின் மூச்சுக் குழல்கள் இயல்பிலேயே குறுகியவை. ஆகவே அவர்கள் விரைவில் தவித்துப் போகிறார்கள்.

தூண்டுவனவற்றுள் மிகுதியாக வேலை செய்வது எது? இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பகுதியில் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை அளித்தது. 9 முதல் 11 வயது வரையுள்ள 108 குழந்தைகள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் மூச்சின் வேகத்தை நாள்தோறும் சிறு கருவியில் ஊதி அளந்து குறித்து வந்தனர். மூச்சு குறையும் போதெல்லாம் மூக்குச் சளி எடுத்துச் சோதிக்கப்பட்டது. இழுப்பு மிகுந்த தறுவாய்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு வைரஸ் பிடிபட்டது. வீட்டுத் தூசியையும் தலையணைப் பஞ்சையும் குறை கூறிக்கொண்டிருந்த நமக்கு இது சற்று வியப்பான செய்திதான். பிடிபட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸ்களாகும்.

ஆஸ்துமாக்காரரின் உடல் வைரஸைச் சந்திக்கும் முறையிலும் ஒரு குறை இருப்பதாகத் தெரிகிறது. வைரஸ் நுழைந்த செல், தன் அண்டை செல்களை எச்சரிக்க இண்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிடும். ஆஸ்துமா உள்ள சிலரின் மூச்சுக் குழல் செல்களில் இந்த எச்சரிக்கை தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது என்று 2005இல் சோதனைச் சாலையில் கண்டார்கள். காவல்காரன் கூவுவதற்குள் திருடன் பாதி வீட்டைச் சுருட்டிவிட்ட கதைதான்.

எல்லா வைரஸ்களுக்கும் நம்மிடம் தடுப்பூசி இல்லை. ரைனோ வைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றை எதிர்க்கும் தடுப்பூசி இன்றுவரை இல்லை. ஆகவே தடுப்பூசிகள் போட்டுக்கொண்டால் இழுப்பே வராது என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். ஆயினும் மூச்சுறுப்பைத் தாக்கும் நோய்களுள் மிகக் கடுமையானவை சிலவற்றை நம்மால் தடுக்க முடியும். அவற்றைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

ஆண்டுதோறும் ஓர் ஊசி

முதலில் வருவது இன்ஃப்ளுயன்சா. பேச்சு வழக்கில் ஃப்ளூ காய்ச்சல் என்போம். சாதாரண ஜலதோஷத்தையும் இதையும் ஒன்றாகக் கருதுவது பெருந்தவறு. ஜலதோஷம் மூக்கோடு நின்றுவிடும். இன்ஃப்ளுயன்சாவோ கடுங்காய்ச்சலும் உடல்வலியுமாக வந்து, மூச்சுக் குழலின் உட்படலத்தையே உரித்துவிடக் கூடியது. 2009இல் எச்1என்1 என்னும் புதுவகை உலகெங்கும் பரவியபோது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் ஏற்கெனவே இருந்த நோய்களுள் மிகுதியாகக் காணப்பட்டவற்றில் ஆஸ்துமாவும் ஒன்று.

மனித இன்ஃப்ளுயன்சா வைரஸை 1933இல் இலண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவர் பிரித்தெடுத்தனர். நோயாளியின் தொண்டை கழுவிய நீரை ஃபெரட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் விட்டதும் அதற்கும் காய்ச்சல் கண்டது. பின்னர் ஆய்வுக்கூடத்து ஃபெரட் ஒன்று தும்மி, ஆய்வாளர் ஒருவருக்கே நோயைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு! அடுத்த சில ஆண்டுகளில் கோழி முட்டைக் கருவில் இவ்வைரஸை வளர்க்கும் முறையை ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் வகுத்தார். இன்றும் உலகில் தயாராகும் ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதி முட்டையிலிருந்தே வருகிறது.

அம்மை ஊசியை ஒன்றிரண்டு முறை போட்டால் போதும். ஃப்ளூ ஊசியை மட்டும் ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும்? வைரஸின் மேற்புறத்தில் முள் போன்ற இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. ஒன்று செல்லைப் பற்றிக்கொள்ள உதவுவது. மற்றொன்று, பெருகிய வைரஸ் செல்லிலிருந்து விடுபட உதவுவது. எச் என்றும் என் என்றும் எழுத்துகளால் குறிப்பிடுவது இவற்றைத்தான். நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இந்த முட்களை அடையாளம் கண்டே வைரஸைப் பிடிக்கின்றன. ஆனால் வைரஸ் பெருகும்போது மரபுப் பொருளைப் பிழையில்லாமல் படியெடுப்பதில்லை. சிறு சிறு பிழைகள் சேர்ந்து முட்களின் வடிவம் மாறிவிடுகிறது. சென்ற ஆண்டின் எதிர்ப்பொருளுக்கு இவ்வாண்டின் முள் அரைகுறையாகவே பொருந்தும். அத்துடன் ஊசியால் கிடைத்த எதிர்ப்பாற்றலும் சில மாதங்களில் தேய்ந்துபோகிறது.

இதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிஞர்களைக் கூட்டி, எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. பிப்ரவரியில் வடகோளத்துக்கும், செப்டம்பரில் தென்கோளத்துக்கும் பரிந்துரை வெளியாகும். நெடுங்காலமாக உலவிய 'பி யமகாட்டா' என்னும் வகை 2020 மார்ச் மாதத்துக்குப் பின் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. கொரோனாக் காலத்தில் மக்கள் வீடடங்கி இருந்தபோது அது மறைந்துபோயிற்று போலும். அதனால் நான்கு வகை சேர்ந்த ஊசிக்குப் பதிலாக மூன்று வகை ஊசியே போதும் என்று இப்போது பரிந்துரைக்கப்படுகிறது.

நம் நாட்டில் எந்த மாதத்தில் போட்டுக்கொள்வது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குளிர் நாடுகளில் ஃப்ளூ பனிக்காலத்து நோய். இந்தியாவிலோ அது மழையோடு வருகிறது. தில்லி, கொல்கத்தா, புனே, ஆலப்புழை முதலிய இடங்களில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அது உச்சத்தை அடைகிறது. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் உச்சம். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் அக்டோபர், நவம்பரில், அதாவது நமது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, நோய் மிகுந்திருந்தது தெரியவந்தது. ஊசி போட்ட பின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே உங்கள் ஊரில் மழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே போட்டுக்கொள்வது பயன் தரும். 6 மாதம் நிறைந்த குழந்தை முதல் முதியவர் வரை எவரும் இதைப் போட்டுக்கொள்ளலாம். 9 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் முறையாகப் போடும் ஆண்டில் மட்டும் 4 வார இடைவெளியில் இருமுறை போட வேண்டும்.

இன்ஃப்ளுயன்சா நம் கடற்கரைக்குப் புதியதன்று. 1957 மே மாதம் 'ஆசிய ஃப்ளூ' எனப்பட்ட புதுவகை கப்பல் பயணிகளோடு சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து நாடெங்கும் பரவி, ஓராண்டுக்குள் பல இலட்சம் பேரைப் படுக்க வைத்தது. அந்த வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளுயன்சா மையம்.

ஊசியே இழுப்பைக் கிளப்புமா?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஃப்ளூ ஊசி போட்ட சில நாட்களில் சிலருக்கு இழுப்பு வந்தது உண்மை. ஆனால் ஊசிக்குப் பின் வந்தது என்பதாலேயே ஊசியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம் அல்லவா? ஆஸ்துமா உள்ளவருக்கு எந்த இரண்டு வாரத்தை எடுத்துக்கொண்டாலும் இழுப்பு வரும் வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. உண்மையை அறிய ஒரே வழி, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிடுவது; அதுவும், தமக்குப் போடப்பட்டது எது என்று அவர்களுக்கே தெரியாமல் ஒப்பிடுவது.

அமெரிக்க நுரையீரல் சங்கத்தைச் சார்ந்த ஆய்வு மையங்கள் இதைச் செய்து 2001இல் முடிவை வெளியிட்டன. ஆஸ்துமா உள்ள 2,032 பேர் சேர்க்கப்பட்டனர். 3 வயதுக் குழந்தை முதல் 64 வயது முதியவர் வரை அவர்களில் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஊசிகள், சில வார இடைவெளியில் போடப்பட்டன. ஒன்று உண்மையான ஃப்ளூ தடுப்பூசி. மற்றொன்று மருந்தில்லாத போலி ஊசி. எது முதலில், எது பின்னர் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இந்த அமைப்பின் அழகு என்னவென்றால், ஒவ்வொரு நோயாளியும் தமக்குத் தாமே ஒப்பீடாக அமைந்துவிடுகிறார்.

உண்மை ஊசிக்குப் பின் இரண்டு வாரங்களில் இழுப்பு மிகுந்தவர்கள் 28.8 விழுக்காடு. போலி ஊசிக்குப் பின் 27.7 விழுக்காடு. இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே புள்ளியியல் சொல்லும். உண்மை ஊசிக்குப் பின் சற்று மிகுதியாக இருந்த தொல்லை உடல்வலி ஒன்றுதான். போலி ஊசி போட்ட நால்வரில் ஒருவருக்குமேல் இழுப்பு மிகுந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தப் போலி ஊசியைப் போட்டவர் வீட்டார் நிச்சயமாக, "ஊசிதான் காரணம்" என்று சொல்லியிருப்பார்கள்!

ஊசி தீங்கு செய்யாது என்பது சரி. நன்மை செய்கிறதா? இதில் நேர்மையாகப் பேச வேண்டும். நெதர்லாந்தில் ஆஸ்துமா உள்ள 696 குழந்தைகளிடம் நடத்தி 2004இல் வெளியான சோதனையில், ஃப்ளூவால் வரும் இழுப்பின் எண்ணிக்கை ஊசியால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இழுப்பைத் தூண்டும் வைரஸ்களில் இன்ஃப்ளுயன்சா ஒரு சிறு பங்கே என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்களில், சோதனைச் சாலையில் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூவை ஊசி ஏறத்தாழ 45 விழுக்காடு குறைத்திருந்தது. அவசர சிகிச்சைக்கோ மருத்துவமனைக்கோ ஓட வைக்கும் கடும் தாக்குதல்களையும் வெகுவாகக் குறைத்திருந்தது. இவற்றிற் பல வெறும் கண்காணிப்பு ஆய்வுகள். குலுக்கல் சோதனைகளின் வலிமை அவற்றுக்கு இல்லை. அதனால்தான் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டல் குழு அடக்கமான சொற்களைப் பயன்படுத்துகிறது: மிதமானது முதல் கடுமையானது வரை ஆஸ்துமா உள்ளவர்கள் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. இலேசான ஆஸ்துமா உள்ளவரும் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. இலேசான ஆஸ்துமாவும் ஒரு நாள் கடுமையாகத் திரும்பக் கூடியதே என்பதால் நான் அதையே ஆதரிப்பேன்.

இரண்டு எச்சரிக்கைகள். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து ஒன்று உண்டு. அதில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். இழுப்பு வரும் 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு இதைத் தரக்கூடாது என்று அமெரிக்க வழிகாட்டல் கூறுகிறது. மூத்தவர்களுக்கும் தயக்கத்தோடுதான் அனுமதிக்கிறது. கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே ஆஸ்துமாக்காரர் ஊசியையே கேட்டுப் பெற வேண்டும். அடுத்தது முட்டை ஒவ்வாமை. ஊசி மருந்து முட்டையில் தயாராவதால், முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்பெல்லாம் தடை இருந்தது. மருந்தில் எஞ்சும் முட்டைப் புரதம் மிகச் சொற்பம் என்று தெரிந்தபின், 2023 முதல் அமெரிக்காவில் இவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு ஏதும் வேண்டாம் என்று கூறிவிட்டார்கள். ஆனால் முன்பு ஃப்ளூ ஊசி போட்டே கடும் ஒவ்வாமை கண்டவர் கதை வேறு. அவர் மருத்துவரைக் கேளாமல் மீண்டும் போட்டுக்கொள்ளலாகாது.

சர்க்கரைப் போர்வை அணிந்த கிருமி

அடுத்த எதிரி ஒரு பாக்டீரியம். நியுமோகாக்கஸ் என்பது அதன் பெயர். நிமோனியாக் காய்ச்சலுக்கும், சில வேளைகளில் மூளைச் சவ்வு அழற்சிக்கும், இரத்தத்தில் கிருமி கலந்து உண்டாகும் நச்சு நிலைக்கும் இதுவே காரணம். நம்மில் பலருடைய தொண்டையில் இது சாதுவாகக் குடியிருக்கிறது. ஃப்ளூ வந்து மூச்சுக் குழல் புண்பட்டதும் கீழே இறங்கிவிடும்.

இக்கிருமியைச் சுற்றி ஒரு சர்க்கரைப் பொருளால் ஆன உறை உள்ளது. வெள்ளணுக்கள் அதைப் பற்றி விழுங்க முயன்றால் வழுக்கிவிடும். உறையில்லாத கிருமி தீங்கற்றது, உறையுள்ளது கொல்லக்கூடியது. இந்த வேறுபாட்டை வைத்து 1928இல் கிரிஃபித் எலிகளில் செய்த சோதனையும், அதைத் தொடர்ந்து 1944இல் ஏவரி குழுவினர் கண்ட உண்மையும்தான், மரபுச் செய்தியைத் தாங்குவது டி.என்.ஏ. என்று உலகுக்குக் காட்டின. ஒரு நிமோனியாக் கிருமி உயிரியலின் கதவையே திறந்துவிட்டது என்பதை மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

உறையின் வேதி அமைப்பைக் கொண்டு இதில் 100 வகைகள் அறியப்பட்டுள்ளன. நோய் உண்டாக்கும் முக்கிய வகைகளின் உறைகளை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போடலாம். 23 வகை உறைகள் அடங்கிய அத்தகைய ஊசி 1983இல் வந்தது. ஆனால் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல் வெறும் சர்க்கரைப் பொருளைப் பகைவனாக மதிப்பதில்லை. இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். உறைப் பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டார்கள். புரதத்தைக் கண்டதும் உடலின் 'டி' செல்கள் விழித்துக்கொள்கின்றன. நினைவாற்றலுள்ள எதிர்ப்பு உருவாகிறது. இவை இணைப்புத் தடுப்பூசிகள் எனப்படும். 13, 15, 20, 21 வகைகள் அடங்கியவை இன்று உள்ளன.

ஆஸ்துமாவுக்கும் இக்கிருமிக்கும் தொடர்பு உண்டா என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு, இரத்தத்தில் பரவும் நியுமோகாக்கஸ் நோய் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வர 2.4 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. 'மடங்கு' என்ற சொல்லைக் கேட்டதும் மிரண்டுவிடாதீர்கள். எண்ணிக்கையையும் பாருங்கள். ஆஸ்துமா இல்லாத 10,000 பேரில் ஆண்டுக்கு 1.2 பேருக்கு இந்நோய் கண்டது. இலேசான ஆஸ்துமா உள்ளவர்களில் 2.3, கடும் ஆஸ்துமா உள்ளவர்களில் 4.2. அபாயம் சிறியதுதான். ஆனால் வந்துவிட்டால் உயிருக்கே உலை வைக்கும் நோய் இது என்பதால், 2008இல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஆஸ்துமா உள்ள வயது வந்தோரையும் தன் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தோ, மாத்திரையாக ஸ்டீராய்டு அடிக்கடி தேவைப்படும் கடும் ஆஸ்துமாவுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறது. அறிஞர்கள் ஒரே புள்ளிவிவரத்தைப் பார்த்து இரு வேறு முடிவுக்கு வருவது அரிதன்று.

நம் நாட்டில் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நியுமோகாக்கஸ் ஊசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று முறை இலவசமாகப் போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்து இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுள் பலர் இதைப் பெற்றிருக்கமாட்டார்கள். அவர்களுக்குக் கடும் ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்பது அவசியம். வயது வந்தவர்களுக்கு 20 அல்லது 21 வகை இணைப்பு ஊசி ஒருமுறை போட்டால் போதும். 15 வகை ஊசியானால், ஓராண்டு கழித்து 23 வகை ஊசியும் தேவைப்படும். ஃப்ளூ ஊசியைப் போல இதை ஆண்டுதோறும் போடக்கூடாது.

கக்குவானும் மற்றவையும்

கக்குவான் இருமல் குழந்தைகளின் நோய் என்று நினைக்கிறோம். குழந்தைப் பருவத்தில் போட்ட முத்தடுப்பு ஊசியின் பயன் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்துவிடுவதால், பெரியவர்களுக்கும் இது வருகிறது; வாரக் கணக்கில் இருமி இருமி, "ஆஸ்துமா முற்றிவிட்டது" என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் செய்த ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கக்குவான் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்கு இருப்பது தெரியவந்தது. நம் அரசுத் திட்டத்தில் 5 வயதில் போடும் முத்தடுப்பு ஊசியோடு கக்குவான் பகுதி முடிந்துவிடுகிறது. 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே. கக்குவானும் சேர்ந்த பெரியோர் ஊசி தனியாரிடம் கிடைக்கிறது. ஆஸ்துமா உள்ளவர், குறிப்பாக வீட்டில் கைக்குழந்தை இருப்பவர், ஒருமுறை அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இனி, ஆர்.எஸ்.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வைரஸ். குழந்தைகளின் சிறு மூச்சுக் குழல்களை அடைக்கும் நோயைத் தருவது இது. இதன் தடுப்பூசி வரலாறு துயரமானது. 1960களின் நடுவில் அமெரிக்காவில், ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். பின்னர் இயற்கையாக நோய் தொற்றியபோது, ஊசி போட்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. போடாதவர்களில் 5 விழுக்காட்டினரே சேர்ந்தனர். இரண்டு குழந்தைகள் இறந்தன. காக்க வந்த ஊசியே நோயைக் கடுமையாக்கிவிட்டது.

ஏன் என்பதற்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்த வைரஸ் செல்லோடு ஒன்றிணைய ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. இணையும் முன் அதற்கு ஒரு வடிவம். இணைந்த பின் வேறு வடிவம், மடக்கிய குடை விரிந்தாற்போல. ஃபார்மலின் பட்ட வைரஸில் புரதம் பெரும்பாலும் பிந்தைய வடிவத்தில் இருந்தது. அதனால் உண்டான எதிர்ப்பொருள்கள், உயிருள்ள வைரஸை அடக்கும் திறமையற்றவையாயின. 2013இல் முந்தைய வடிவத்தின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்து, அதை அப்படியே நிலைநிறுத்தவும் வழி கண்டார்கள். அதிலிருந்து பிறந்த தடுப்பூசிகள் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முதியவர்களுக்கும், 50 வயதைக் கடந்து நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அங்கே இவை பரிந்துரைக்கப்படுகின்றன. இளம் ஆஸ்துமாக்காரருக்கு இப்போதைக்கு இது தேவையில்லை.

கொரோனாவைப் பொறுத்தவரை, நன்கு கட்டுப்பட்ட ஆஸ்துமா பெரிய அபாயமாக அமையவில்லை என்பது நற்செய்தி. அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ள நேர்ந்த ஆஸ்துமாக்காரர்களிடந்தான் சாவு மிகுதியாகக் காணப்பட்டது. அத்தகையோர் தத்தம் நாட்டு விதிப்படி ஊசியைப் புதுப்பித்துக்கொள்வது தகும். அக்கி நோய்க்கான ஊசியும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி உட்கொள்பவர்கள் அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம்.

எப்போது காத்திருக்க வேண்டும்?

இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதே, ஊசி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உறிஞ்சும் மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும். எந்தத் தடுப்பூசிக்கும் அது தடையன்று. ஊசிக்காக இன்ஹேலரை நிறுத்தி வைப்பது ஆபத்தான செயல். மாத்திரை வேறு. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன், 2 வாரம் அல்லது அதற்கு மேல் உட்கொண்டவர், தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும். குழந்தைகளுக்கு உடல் எடையைப் பொறுத்து அளவு மாறும். ஃப்ளூ, நியுமோகாக்கஸ் ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லாததால் இந்தத் தடை அவற்றுக்கு இல்லை. மாத்திரை உட்கொள்ளும்போது எதிர்ப்பாற்றல் சற்றுக் குறைவாக உண்டாகலாம், அவ்வளவே.

இழுப்பு கடுமையாக இருக்கும் நாளிலும், கடுங்காய்ச்சல் உள்ளபோதும் ஊசியைச் சில நாட்கள் ஒத்திவையுங்கள். ஊசியால் கேடு வரும் என்பதற்காக அன்று. பின்னால் ஏறும் காய்ச்சல் நோயாலா ஊசியாலா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். இலேசான மூக்கொழுகல் ஒரு காரணம் ஆகாது. அந்தக் காரணத்தைச் சொல்லிச் சொல்லியே மழைக்காலம் முழுவதையும் கடத்திவிடுபவர்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்.

ஃப்ளூ ஊசி அரசின் வழக்கமான குழந்தைத் திட்டத்தில் இல்லை. பெரும்பாலோர் பணம் கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லா ஊசிக்கும் ஒரே நேரத்தில் பொருள் இல்லாத குடும்பம் எதை முதலில் தேர்வது? வீட்டில் எவருக்கு இழுப்பு அதிகமோ, எவர் சென்ற ஆண்டு மருத்துவமனைக்குச் சென்று வந்தாரோ, அவருக்கு ஃப்ளூ ஊசியை முதலில் போடுங்கள். அடுத்து, கடும் ஆஸ்துமா உள்ளவருக்கு நியுமோகாக்கஸ் ஊசி. போகும்போது மருந்துச் சீட்டையும் இன்ஹேலரையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். முன்பு போட்ட ஊசிகளின் அட்டையும் கையில் இருக்கட்டும். போட்டபின் கால்மணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள்; கடும் ஒவ்வாமை மிக மிக அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். கை ஓரிரு நாள் வலிக்கும். உடம்பு கனத்துச் சிறிது காய்ச்சல் அடிக்கலாம். அந்நாட்களில் இழுப்பு வந்தால் வழக்கமான மருந்தை வழக்கம்போலவே எடுத்துக்கொள்ளுங்கள்.